ஒரு பக்கம் கறுத்த காசு

எண்பத்து நான்கு நாள் ஆகியும் அந்தச் சாம்பல் நிற ஜாக்கெட்டைத் தேடி ஒருவரும் வரவில்லை. வராமலே போய்விட்டால் தேவலை என்று அவள் நினைத்தாள். நினைத்த கையோடு, முகம் தெரியாத அந்த மனிதருக்கு என்ன ஆயிற்றோ, அதில் போய் நான் லாபம் பார்க்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவே இருப்புக் கொள்ளாமல் அல்லாடுவதே சில வாரங்களாக அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது.

உண்மையான பிழைப்பு, சலவைக் கடையில் கறை எடுப்பது. மை, துரு, எண்ணெய், ரத்தம், சுவரில் சாய்ந்து அப்பிய பெயின்ட், எதுவானாலும் துணி முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். மேசையில் ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் ஒட்டிய பாட்டில்கள், மூன்று வகை பிரஷ், பொடி நிறுக்க ஒரு குட்டித் தராசு, நீராவி பீய்ச்சும் குழாய். ஒரு கறையைப் பார்த்தால் அது எத்தனை நாள் கறை, எந்த நம்பருக்கு மசியும் என்று சொல்லிவிடுவாள். அதனால் கடையில் அவளுக்குப் பெயர் 'டாக்டர்'. பெயர் வைத்தவர் இஸ்திரி போடும் அண்ணன். வேலைக்குச் சேர்ந்த மறுநாளே வைத்துவிட்டார்.

துணியோடு சேர்ந்து வரும் பொருள்களுக்கு அந்தக் கடையில் ஓர் ஒழுங்கு இருந்தது. கவுன்ட்டரில் நிற்கும் அக்காதான் பைகளைத் துழாவிப் பார்ப்பாள். சீப்போ, சாவியோ, காசோ, கிடைத்ததை ஒரு காகித உறையில் போட்டு, மேலே சீட்டு நம்பரும் தேதியும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பின் அடித்து வைப்பாள். துணி போகும்போது உறையும் கூடப் போகும். "அதெல்லாம் எதுக்குங்க, நீங்களே வச்சுக்குங்க" என்று உறையை விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. துணியையே மறந்துபோகிறவர்களும் உண்டு. தொண்ணூறு நாள் ஆகியும் கேட்பாரில்லை என்றால், தொண்ணூறாம் நாள் மாலை ஐந்து மணிக்கு உறையைப் பிரித்து வேலை செய்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு குண்டூசியைக்கூடத் தொடக் கூடாது. முதலாளியம்மா போட்ட சட்டம் அது. சட்டத்தில் எந்த மாற்றமும் அவருக்குப் பிடிக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு பங்கில் அவளுக்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு காசு வந்தது. எந்தக் கடையிலும் செல்லாது. இஸ்திரி அண்ணன் அதை விரலில் மாட்டிப் பார்த்து, "டாக்டருக்கு மோதிரம் வந்தாச்சு, மாப்பிள்ளைதான் பாக்கி" என்றார். அவளும் சிரித்துவிட்டுக் கைப்பையில் போட்டாள். அன்று பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது விரல் தானாகப் போய் அந்த ஓட்டையைத் தேடியது. எதற்கு ஓட்டை? கயிற்றில் கோத்து வைத்துக்கொள்ளவா? உலோகத்தை மிச்சம் பிடிக்கவா? கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்து அறிந்துகொள்ளவா? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

அடுத்தது எட்டு மூலை உள்ள ஒரு காசு. அதற்கு அடுத்தது, ஒரு பக்கத்தில் ஆமை. பிறகு அவளே இஸ்திரி அண்ணனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள்: செல்லும் காசெல்லாம் அவருக்கு, செல்லாத காசெல்லாம் அவளுக்கு. "செல்லாக்காசைச் சேக்குற ஆளை நான் என் ஆயுசுல பாத்ததில்ல தாயி, நீ நல்லா இருக்கணும்" என்று அவர் பெரிய கும்பிடு போட்டார்.

வீட்டில் அவள் தங்கை இதை நம்பவே இல்லை. தங்கையிடம் ஒரு பட்டியல் உண்டு. தட்டச்சு வகுப்பு நான்கு மாதம், கிதார் ஆறு வாரம், நீச்சல் இரண்டே நாள். "இது எத்தனை நாளைக்குக்கா?" என்று கேட்டவள், ஆறு மாதம் போனதும் கேட்பதை நிறுத்திவிட்டாள். எதிலும் நிலைகொள்ளாத மனம் இதில் மட்டும் எப்படித் தங்கியது என்று அவளுக்கே விளங்கவில்லை. விளங்காததால் ஒரு பயமும் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் இதுவும் போயிருக்குமோ என்று அந்தத் தகர டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஆசை அங்கேயேதான் இருக்கும். மொத்தம் நாற்பத்தொரு காசு. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: எடை, விட்டம், எழுத்து, படம், பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு.

ஆனால் அந்த நாற்பத்தொன்றும் அந்த ஜாக்கெட்டிலிருந்து வந்த ஒன்றுக்கு ஈடாகாது. கவுன்ட்டர் அக்கா அதை உறையில் போட்டபோது அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். உள்ளங்கையை நிறைக்கும் கனமான வெள்ளிக்காசு. ஒரு பக்கம் தாடிக்காரர் ஒருவரின் தலை, தும்பைப் பூவாய் வெளுத்திருந்தது. மறுபக்கம் ஏதோ கப்பல். ஏதோ என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு கறுப்பு. பாய்மரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

எண்பத்து நான்காம் நாள் மதியம், அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் அலமாரியைத் திறந்தாள்.

பார்க்க மட்டும்தான். இதைத் தனக்குத்தானே மூன்று முறை சொல்லிக்கொண்டாள். உறையின் பின்னை நகத்தால் நெம்பிக் கழற்றி, காசைத் தன் மேசைக்குக் கொண்டுவந்தாள். தராசில் வைத்தாள். பொத்தான் அளக்கும் அளவுகோலில் விட்டம் பார்த்தாள். மெல்லிய காகிதத்தை வைத்து இரு பக்கமும் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தாள். விளிம்பில், கப்பலின் பின்பக்கத்துக்கு நேரே, ஒரு சின்ன வெட்டு இருந்தது. அதையும் குறித்துக்கொண்டாள். தேதி போட்டாள். மற்ற பக்கங்களையெல்லாம் பேனாவால் எழுதியவள் நாற்பத்திரண்டு என்ற எண்ணை மட்டும் பென்சிலால் எழுதினாள். இன்னும் தன்னுடையது இல்லையே.

அத்தோடு திருப்பி வைத்திருக்கலாம். கை கேட்கவில்லை. வேறு யார் கையாக இருந்தாலும் கேட்டிருக்கும், அவள் கை கறை எடுக்கும் கை. முழுவதும் கறுத்திருந்தால்கூட அவளுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. ஒரு பக்கம் பளிச்சென்றும் ஒரு பக்கம் கரியாகவும் இருப்பதுதான் அவளைப் படுத்தியது. பாதிச் சட்டையை வெளுத்துவிட்டுப் பாதியை அப்படியே விட்டதுபோல. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் இந்த மேசையில் உட்கார்ந்து என்ன பயன்?

பேண்டு வாத்தியக்காரர்களின் சீருடைகள் அந்தக் கடைக்கு வருவது வழக்கம். அவற்றின் வெள்ளிப் பொத்தான்கள் கறுத்துப்போனால் ஏழாம் நம்பர். அவள் ஏழாம் நம்பரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். காசின் கறுப்புப் பக்கத்தை அதில் படும்படி பிடித்து, பத்து எண்ணினாள். பஞ்சால் துடைத்தாள். மறுபடி பத்து.

கப்பல் வந்தது. முதலில் கொடி, பிறகு பாய்களின் மடிப்பு, பிறகு மயிரிழை மயிரிழையாகக் கயிறுகள், கயிற்றைப் பிடித்து ஏறும் ஒரு மனிதன். எள்ளளவு மனிதன். மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் இவன் அந்தக் கறுப்புக்குள் ஏறிக்கொண்டே இருந்தானா?

கழுவி, ஒற்றி எடுத்து, உறைக்குள் போட்டு, பழைய பின்னைப் பழைய துளைகளிலேயே மாட்டி அழுத்தினாள். அக்கா திரும்பி வந்து கை துடைத்தபோது அவள் ஒரு மேசை விரிப்பில் கிடந்த மெழுகுக் கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி டாக்டர், முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"நீராவிக்கா."

"குழாயே ஓடலையே?"

"இப்பத்தான் நிறுத்தினேன்."

அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் பழைய காசும் தபால்தலையும் விற்கும் ஒரு பெண் உண்டு. அவள் வயதுதான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பென்சில் அச்சைக் காட்டி, இது எந்த ஊர்க் காசு என்று தெரிந்துகொள்ளத்தான் இவள் போனாள்.

அச்சை வாங்கிப் பார்த்த காசுக்காரி, "கப்பல் நல்லா விழுந்திருக்கே" என்றாள். "காசு எப்படி இருக்கு? கறுப்பா, வெளுப்பா?"

"கறுப்பா இருந்துச்சு. இப்ப வெளுப்பு."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "தேச்சியா?"

"தேய்க்கல. நனைச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." காசுக்காரி அச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "தேய்ச்ச காசை நான் வாங்குறதில்ல, வேற யாரும் வாங்கமாட்டாங்க. அந்தக் கறுப்பு அது மேல தானா வந்து உக்காந்தது. அதுக்கு எத்தனை வருஷம் ஆயிருக்கும்? நீ அஞ்சு நிமிஷத்துல கழட்டிட்ட."

"நான் விக்கக் கேக்கலைங்க."

"அப்ப சரி. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. நான் எங்க மாமாவோட காசுல பதினெட்டைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். பாத்திரம் மாதிரி மின்னுச்சு. என்னை அடிக்கக்கூட இல்ல அவரு. ஒரு வருஷம் பேசல." காசுக்காரி சிரித்துவிட்டாள். "ஆனா உன்னுது உன்னோட காசுதானே? போனாப் போகுது."

அவள் அச்சை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். வீடுவரை நடந்தே வந்தாள்.

அதன்பிறகு வந்த நான்கு நாளும் கடைவாசல் மணி அடித்தபோதெல்லாம் பிரஷைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். வருகிறவர் ஜாக்கெட்டுக்காரராக இருக்கக் கூடாது. இருந்தாலும் உறையைப் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். இல்லை, பார்த்துவிட்டு, "அடடா, சுத்தம்கூடப் பண்ணிக் குடுத்திருக்கீங்களே" என்று சந்தோஷப்பட வேண்டும். இப்படி ஒவ்வொரு மணிக்கும் ஒரு கதை கட்டினாள். எட்டாம் நம்பர் போட வேண்டிய காலரில் மூன்றாம் நம்பரைப் போட்டு, நல்லவேளையாக நீல நிறம் ஓடுவதற்குள் அலசினாள்.

"ஆஸ்பத்திரில டாக்டருக்கே காய்ச்சல் போலிருக்கு" என்றார் இஸ்திரி அண்ணன்.

"சும்மா இருங்கண்ணே."

"சனிக்கிழமை உன் கப்பல் கரைக்கு வருது. அதுவரைக்கும் பொறுக்கமாட்டியா?"

தொண்ணூறாம் நாள் சனிக்கிழமை. மணி நாலேகால். இன்னும் முக்கால் மணி நேரம். வாசல் மணி அடித்தது. ஊன்றுகோல் ஒன்று முதலில் உள்ளே வந்தது, பின்னால் ஒரு பெரிய மனிதர் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில்.

"மூணு மாசம் ஆச்சு, கோவிச்சுக்காதீங்க" என்றார். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல். "மேட்ச்ல ரெண்டு தடியன்க மோதி நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். கணுக்கால் ரெண்டு துண்டு. நேத்துதான் கட்டுப் பிரிச்சாங்க. நாளைக்கு மேட்ச். சாம்பல் கலர் ஜாக்கெட், இந்தாங்க சீட்டு."

அவர் உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர் என்று அடுத்த அரை நிமிடத்தில் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கவுன்ட்டர் அக்கா ஜாக்கெட்டையும் உறையையும் எடுத்து வந்தாள். நடுவர் ஜாக்கெட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. உறையைக் கிழித்து, காசை உள்ளங்கையில் கவிழ்த்தார்.

"இது என்னுது இல்ல."

"உங்க பையில இருந்ததுதாங்க. நான்தான் எடுத்தேன். பாருங்க, என் கையெழுத்து."

"கையெழுத்து சரிம்மா. காசு சரியில்ல. என்னுது ஒரு பக்கம் கறுப்பு. பன்னெண்டு வருஷமா அந்தக் காசைத்தான் சுண்டுறேன். பூவா தலையான்னு யாரும் கேக்கமாட்டாங்க, கறுப்பா வெளுப்பான்னுதான் கேப்பாங்க. கீழ விழுந்தா மைதானத்துக்கே தெரியும். இது ரெண்டு பக்கமும் புதுசு மாதிரி மின்னுது. யாரோ மாத்திட்டீங்க."

"மாத்துறதா? அதைக் கொண்டுபோய் நான் என்னங்க பண்ணப்போறேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? அது வெள்ளி!"

சத்தம் கேட்டு முதலாளியம்மா உள் அறையிலிருந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உறையைப் பார்த்தார், காசைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார். போன மாதம்தான் ஒரு வாடிக்கையாளர் சட்டைக் கையில் மாட்டும் பொத்தான் ஒன்று காணவில்லை என்று வந்து கத்தியிருந்தார். இன்னொரு முறை இப்படி ஒரு பேச்சு வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளியம்மா அக்காவிடம் அப்போதே சொல்லியிருந்தார். எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்.

"பின்னைக் கழட்டித் திரும்ப மாட்டின மாதிரி இருக்கே" என்றார் இப்போது.

"நான் ஒரு தடவைதாம்மா அடிச்சேன்." அக்காவின் குரல் உள்ளே போய்விட்டது.

"அப்ப?"

அக்கா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தடுப்புக்கு இந்தப்பக்கம் கறை மேசையில் இருந்தவளுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. கையில் ஒரு வெள்ளைச் சட்டை. எந்தக் கறைக்காக அதை எடுத்தோம் என்பது மறந்துபோயிற்று. நடுவர் அந்தக் காசு வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனால் அது உறைக்குள் போகும். ஐந்து மணிக்கு உறை பிரியும். நாற்பத்திரண்டு. பென்சில் எழுத்தின்மேல் பேனாவை ஓட்டினால் போதும். வாயைத் திறக்காமல் இருந்தால் காசு தானாக அவள் கைக்கு வரும். அக்கா எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள். அக்கா வாயாடி.

ஆனால் அக்கா கவுன்ட்டர் பலகையில் இல்லாத தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சட்டையை அப்படியே போட்டுவிட்டுத் தன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நான்கு எட்டு வைப்பதற்குள் இரண்டு முறை நின்றாள். முதல் முறை, எந்தப் பக்கம் என்று மறந்துபோய் நோட்டைப் புரட்ட. இரண்டாவது முறை, சும்மா.

"அது சாரோட காசுதாம்மா" என்றாள். "நான்தான் வெளுத்துட்டேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. அவள் நோட்டைக் கவுன்ட்டரில் விரித்தாள். கப்பலின் அச்சு, தலையின் அச்சு. கீழே அவளுடைய குண்டு எழுத்து: 'கப்பல் பக்கம் முழுக்கக் கறுப்பு. தலைப் பக்கம் வெளுப்பு. விளிம்பில் ஒரு வெட்டு.' மேலே தேதி.

நடுவர் காசின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் ஓரிடத்தில் நின்றது. "அட! கோல் கம்பத்துல பட்ட வெட்டு. நான்தான் பந்தயம் கட்டி எறிஞ்சேன்." குரல் முதல்முறையாகத் தணிந்தது.

முதலாளியம்மா தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு எத்தனாவது நாள்?"

"எண்பத்து நாலும்மா."

"பிரிச்சியா?"

"பிரிச்சேன். அக்கா சாப்பிடப் போயிருந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எதுக்கு?"

அவள் யோசித்தாள். பார்க்கத்தான் என்று சொல்லலாம். பாதி உண்மை. "ஒரு பக்கம் மட்டும் கறுப்பா இருந்துச்சும்மா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

இஸ்திரி அண்ணன் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "அது வியாதிங்கம்மா" என்று பரிந்து பேசினார். "போன வாரம் என் சட்டையைப் போட்டிருக்கும்போதே கறை எடுத்தா. சுட்டுடுச்சு."

முதலாளியம்மா ஒரு பார்வையில் அவரை இஸ்திரிப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பினார்.

"சரி, பழையபடி கறுப்பாக்க முடியுமா?" என்று நடுவர் கேட்டார். "நாளைக்கு மூணு மணிக்கு மேட்ச்."

கறையை எடுக்கத்தான் அவளுக்கு ஒன்பது பாட்டில் தெரியும். கறையைப் போட ஒரு பாட்டிலும் தெரியாது. "முடியாதுங்க. எப்படிக் கறுத்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

"விசில் வைக்கிற உறை ரப்பர். அதுல ஒட்டிக்கிட்டுக் கிடந்த பக்கம் கறுத்துப்போச்சு. மத்தப் பக்கத்தைக் கட்டைவிரல் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. நாலு சீசன் ஆச்சு முழுசாக் கறுக்க." அவர் காசைச் சுண்டினார். அது விளக்குக் குழாய் வரை எழும்பி, சுழன்று, கவுன்ட்டரில் விழுந்து கிறுகிறுத்து அடங்கியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். "பாருங்க. என்ன விழுந்திருக்குன்னு யாருக்காவது தெரியுதா?"

அக்கா குனிந்தாள். முதலாளியம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். எல்லாம் ஒரே பளபளப்பு.

"கப்பல்" என்றாள் அவள், நின்ற இடத்திலிருந்தே.

நடுவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கப்பல். மறுபடி சுண்டினார். "தலை" என்றாள். தலை. மூன்றாவது முறை அவள் காசைப் பார்க்கக்கூட இல்லை, சத்தம் அடங்கும்போதே சொல்லிவிட்டாள். அது தப்பாகப் போயிற்று.

"தப்பு! நடுவர் பாக்காம சொல்லக் கூடாது" என்று நடுவர் கடகடவென்று சிரித்தார். சிரித்து முடித்ததும், காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் கண் அந்தப் பையிலேயே நின்றது. அவருக்கு அது தெரிந்தது. ஒரு நொடி கையைப் பையருகே கொண்டுபோனார். எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்று அவள் ஓர் எட்டு முன்னால் வைத்தாள். அவர் பையின் பொத்தானை மாட்டினார்.

"எனக்கு இது வேணும்மா" என்றார் மெதுவாக. "கோவமில்ல. ஆனா வேணும்."

ஊன்றுகோலும் அவரும் வெளியே போனபிறகு முதலாளியம்மா நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"உன்னை வெளியே அனுப்பினா எனக்குத்தான் நஷ்டம். மை எடுக்க ஆள் கிடைக்காது. ஆனா உறையில இனிமே உனக்குப் பங்கு கிடையாது. செல்லுறது, செல்லாதது, எதுவும். நான் இருக்கிறவரைக்கும்."

"சரிம்மா."

"அவகிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போடி, என் வேலையே போயிருக்கும்" என்றாள். ஐந்து மணிக்கு அன்றைய உறைகள் பிரிந்தன. ஒரு சீப்பு, இரண்டு பேனா. இஸ்திரி அண்ணன் அவளிடம் கண்ணால் ஏதோ கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

அந்த இரவும் அதற்கடுத்த இரவும் அவள் தகர டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள். இனிப் புதிதாக எதுவும் வராது. நாற்பத்தொன்றோடு நின்றது. கிதார் போல இதுவும் மூலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளப் போகிறதா என்று பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள். எடை இருந்தது, விட்டம் இருந்தது, எழுத்து, படம், அச்சு, எல்லாம் இருந்தது. ஆனால் எந்தப் பக்கத்திலும் ஒரு மனிதர் இல்லை. கோல் கம்பத்தின்மேல் பந்தயம் கட்டி எறிந்த கதையை எந்தத் தராசு சொல்லும்? இந்த நாற்பத்தொன்றிலும் எத்தனை கதையைக் கேட்காமலே டப்பாவுக்குள் போட்டு மூடினாளோ.

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை; ஆனாலும் மதியம் கவுன்ட்டருக்கு வந்து நின்றாள். "அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முந்தின சீட்டுப் புத்தகம் வேணும். போன் நம்பரோட இருக்குமே, அது."

"இன்னும் என்னடி?"

"முதல் காசு யாரோடதுன்னு பாக்கணும். கேட்டுட்டுத்தான் எடுக்கிறேன், பாத்தீங்களா?"

"கேட்டு என்ன பண்ணப்போற?"

"அதை வச்சு என்ன பண்ணினாங்கன்னு கேக்கப்போறேன்."

"வேணும், திருப்பிக் குடுன்னு சொன்னாங்கன்னா?"

அதை அவள் ஞாயிறு முழுக்க யோசித்திருந்தாள். தொண்ணூறு நாள் தாண்டிய காசு. சட்டப்படி அவளுடையது. "குடுத்துடுவேன்" என்றாள். சொல்லிவிட்டு நோட்டைக் கவுன்ட்டரில் வைத்தாள்.

அக்கா புத்தகத்தைத் தூக்கிப் போட்டாள். பேச்சு கொடுக்கத் தொடங்கிவிட்டாள் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல். முதல் காசோடு வந்த பழைய உறையின் சீட்டு நம்பரை அதில் தேடி, கடைப் போனில் எண்களை அழுத்தினாள். ஐந்தாறு மணி அடித்தபிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"சலவைக் கடையிலேர்ந்து பேசறேங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழுப்புக் கோட்டு வெளுக்கக் குடுத்தீங்க. பையில ஒரு காசு இருந்துச்சு, நடுவுல ஓட்டை..."

"பாக்கி ஏதும் இருக்கா?"

"பாக்கி இல்லைங்க. அந்தக் காசு என்கிட்ட இருக்கு. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கலாம்னு..."

மறுமுனையில் வெடிச் சிரிப்பு. "அடக்கடவுளே, அதுவா! அது காசே இல்லம்மா எங்களுக்கு. எங்க வீட்டுக்காரர் தூண்டில்ல கட்டுவாரு, கனத்துக்கு. அதைக் காணோம்னு வீட்டையே ரெண்டாக்கினாரு. நான் குப்பையில போட்டுட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறாரு!"

"எந்த ஆத்துலங்க?"

"எனக்கென்னம்மா தெரியும். இரு, அவரையே கூப்பிடுறேன். குளிச்சிட்டிருக்காரு. வச்சிடாத, வச்சிடாத, நீயே உன் வாயால சொல்லு அவர்கிட்ட!"

போன் எங்கோ மேசைமேல் வைக்கப்படும் ஓசை. தூரத்தில் கதவைத் தட்டும் சத்தம், யாரோ யாரையோ கத்திக் கூப்பிடுவது. அவள் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றி, நோட்டின் முதல் பக்கத்தில் கையை வைத்தாள். அக்கா கிட்டே வந்து, "என்னவாம்?" என்று உதட்டசைவில் கேட்டாள். சொல்ல நேரமில்லை. ஈரக்கால் சத்தம் ஒன்று போனை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது.